பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்

வாஷிங்டன்
4 அக்டோபர் 1993

அன்புள்ள அக்கா,

நானும் கர்ட்டிஸும் நலம். அவன் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. உன் உடம்பு எப்படி? லைல் அத்தானுக்கு அறுவடை முடிந்ததா?

இந்த உறையில் இரண்டு தாள்கள் இருக்கும். தட்டச்சு செய்தது சங்கத்தின் கடிதம். கையால் எழுதியது உன் தம்பியின் கடிதம். முதலாவதைப் பிறகு படி.

உங்கள் மாவட்டத்திலிருந்து மூன்று பேர், தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் துணையாக இருக்கும் எங்கள் சங்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பன்றிப் பண்ணைக்காரர். மகன் தன்பால் ஈர்ப்புள்ளவன் என்று தெரிந்த நாளிலிருந்து யாரிடம் பேசுவது என்று தெரியவில்லையாம். ஒரு பெண், நர்ஸ். மூன்றாவது ஆள் பெயரே எழுதவில்லை. மூவரும் கேட்பது ஒன்றுதான்: பக்கத்தில் உங்கள் கிளை உண்டா? இருப்பது ஒமாஹாவில். பனிக்காலத்தில் யார் போவார்கள்?

நான் கிளைகள் பிரிவில் இருந்துகொண்டு நாடு முழுக்கக் கிளை தொடங்குகிறேன். சுவரில் உள்ள வரைபடத்தில் நம் ஊர்ப் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. என் மேலாளர் அதைக் காட்டி, “உங்க ஊர்ல மனுஷங்களே கிடையாதா?” என்கிறார். நீ செய்வாயா அக்கா? எல்லோரும் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டும். வந்தவர்களைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. ஊரறிய ஒருவர் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தர வேண்டும். அவ்வளவுதான்.

அம்மா அப்பாவிடம் கேட்டதாகச் சொல்.

உன்
டுவைன்


லெட்னா, நெப்ராஸ்கா
7 நவம்பர் 1993

அன்புள்ள தம்பி,

இங்கு எல்லோரும் சுகம். எனக்குச் சளி; பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குச் சளி. லைல் தானியக் கிடங்கே கதியென்று கிடக்கிறார்.

பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். அவசரத்தில் ஒப்புக்கொண்ட எதையும் நான் ஒழுங்காகச் செய்ததில்லை. சங்கங்கள்மீது எனக்கு நம்பிக்கை குறைவு என்பது உனக்குத் தெரியும். உன் அலுவலகம் அனுப்பிய பெட்டியும் அந்த நம்பிக்கையைக் கூட்டவில்லை. வானவில் சுவரொட்டிகளை எங்கே ஒட்டச் சொல்கிறாய்? தானியக் கிடங்கின் மேலா? லைல் பார்த்துவிட்டு, “வர்ணம் நல்லாத்தான் இருக்கு. டிராக்டர் கம்பெனிக்காரன் கோவிச்சுப்பான்,” என்றார்.

ஆனால் அந்தப் பண்ணைக்காரரை நினைத்தேன். அவர் மகன் என்னிடம் வேதியியல் படித்தவனாகக்கூட இருக்கலாம். ஆகவே கூட்டம் நடத்திப் பார்க்கிறேன். மெதடிஸ்ட் சர்ச்சின் நிலவறையைத் தருகிறார்கள். என் பெயரை மட்டும் கேட்காதே. பள்ளி நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். தபால் பெட்டி எண் தருகிறேன்.

இன்னொரு செய்தி. வரும் ஜூனில் அம்மா அப்பாவின் திருமணப் பொன்விழா. நம் சர்ச்சின் பாரிஷ் ஹாலுக்கு இப்போதே சொல்லிவிட்டார் அப்பா. நீ வருவாயா என்று அம்மா கேட்கவில்லை. உன் அறைத் திரைச்சீலையைத் துவைத்திருக்கிறாள்.

அன்புடன்
லவோன்


வாஷிங்டன்
12 டிசம்பர் 1993

அன்புள்ள அக்கா,

சளி போயிற்றா? இங்கே முதல் பனி. கர்ட்டிஸ் வழுக்கி விழாமல் இருக்கிறான். அதுவே பெரிய செய்தி.

கூட்டம் நடத்துவதற்கு நன்றி. பெயர் விஷயத்தில் என்னால் சட்டத்தை வளைக்க முடியாது. ஜூன் முடிவுக்குள் பெயர் வராவிட்டால் கிளைப் பட்டியலில் உங்கள் ஊர் ஏறாது. தபால் பெட்டி பேசாது அக்கா. பயந்துபோய் இருக்கிறவர்களுக்கு மறுமுனையில் ஒரு குரல் வேண்டும்.

பொன்விழாவைப் பற்றி. போன முறை வந்தபோது என் பழைய அறையில் தனியாகப் படுத்தேன். நாலு நாளும் வீட்டில் ஒருவரும், பத்து வருஷமாக என்னோடு வாழ்கிற கர்ட்டிஸின் பெயரை உச்சரிக்கவில்லை. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். இனி வந்தால் அவனோடுதான் வருவேன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவேன். இதை அவர்களிடம் கேட்கச் சொல்லவில்லை. கேட்டு வாங்கினால் அது வேறு.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

டுவைன்


லெட்னா
6 பிப்ரவரி 1994

அன்புள்ள தம்பி,

இங்கு அனைவரும் நலம். அப்பா மட்டும் காதுக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரும் சரியாகப் பேசுவதில்லை என்கிறார்.

இரண்டு கூட்டங்கள் முடிந்தன. முதல் கூட்டத்தை உங்கள் கையேட்டின்படி நடத்தினேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அவரவர் மனதில் உள்ளதைச் சொல்லும்படி கேட்டேன். ஏழு பேரும் அவரவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பண்ணைக்காரர் ஆர்லன் கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த வருஷம் பனி குறைச்சல் என்றார். எல்லோரும் நன்றியோடு பனியைப் பற்றிப் பேசினோம்.

இரண்டாம் கூட்டத்துக்கு வட்டம் வேண்டாம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சாப்பிடும்போதும் பேச்சு பனியைத் தாண்டவில்லை. பிறகு பாத்திரம் கழுவப் போனோம். நான் கழுவ, ஆர்லன் துணியால் துடைத்தார். சுவரைப் பார்த்தபடி நின்று, துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “பையன் போன் பண்ணா நான் உடனே அவங்கம்மாகிட்ட குடுத்துடுறேன். என்ன பேசுறதுன்னு தெரியல. மூணு வருஷமாச்சு.” அவருக்குப் பக்கத்தில் கரண்டி துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ், “பன்னி விலை என்னன்னு சொல்லுங்க. எங்கப்பா அதைச் சொல்லியிருந்தாக்கூட எனக்குப் போதும்,” என்றாள். அவர் தட்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கழுவி முடிக்க வெகுநேரம் ஆனது. சுத்தமான பாத்திரங்களையும் கழுவினோம் என்று நினைக்கிறேன்.

இர்மா டோலிடம் கூட்ட அறிவிப்பைக் கொண்டுபோனேன். நம் வார இதழ் அவள் புருஷன் போனபின் முழுக்க அவள் கையில்தான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “லவோன், இது குடும்பப் பத்திரிகை,” என்றாள். இது குடும்பங்களின் கூட்டம்தான் என்றேன். “எனக்கு விளம்பரம் தர்றவங்களுக்கும் குடும்பம் இருக்கு,” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

அன்புடன்
லவோன்


வாஷிங்டன்
21 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்கா,

நலம். அப்பாவின் காதைப் பற்றிப் படித்துக் கர்ட்டிஸ் வெகுநேரம் சிரித்தான். அவன் அப்பாவும் அப்படித்தானாம்.

சங்கத்துக்கு நீ அனுப்பிய கூட்ட அறிக்கையில் ‘விவாதித்த பொருள்’ என்ற இடத்தில் ‘பாத்திரம்’ என்று எழுதியிருந்தாய். மேலாளர் என்னைக் கூப்பிட்டு இது ஏதாவது மறைமொழியா என்று கேட்டார். உன் கடிதத்தின் அந்தப் பகுதியைப் பெயர்கள் இல்லாமல் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், கையேட்டின் அடுத்த பதிப்பில் கழுவும் தொட்டியைச் சேர்க்கலாமா என்றார். கேலி செய்யவில்லை.

ஆனாலும் ஜூன் ஜூன்தான். பெயரை யோசி.

டுவைன்


லெட்னா
10 ஏப்ரல் 1994

அன்புள்ள தம்பி,

சுகம். இங்கே காற்று இன்னும் அடங்கவில்லை. அம்மா தக்காளி நாற்றுகளை ஜன்னலோரம் வைத்துக் காவல் இருக்கிறாள்.

போன கூட்டத்தில் ஒன்று நடந்தது. நாங்கள் கீழே இருக்கும்போது மேலே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் படியின் உச்சியில் ஒரு கண்ணாடிப் பாத்திரம், சுடச்சுட, நூடுல்ஸும் பன்றிக்கறியும். ஆளைக் காணவில்லை. இறங்கி வரத் தைரியம் இல்லாத யாரோ. கொண்டுவந்து வைத்துச் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

கழுவும்போது பாத்திரத்தைக் கவிழ்த்தேன். அடியில் டேப் ஒட்டி மையால் பெயர் எழுதியிருந்தது. முகத்தைக் காட்டக்கூடாது என்று அத்தனை கவனமாக வந்த ஆள், இந்த ஊரில் பாத்திரம் மாறாமல் இருக்க நாம் எல்லோரும் ஒட்டுகிற டேப்பை மறந்துவிட்டார். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்று கண்ணில் படுவதில்லை.

ஆர்லன், “யாரோடது அது?” என்றார். நான் மேலே துணியைப் போட்டு, “நான் குடுத்துடுறேன்,” என்றேன். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. உனக்கும் எழுத மாட்டேன். யார் பெயரையும் அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிற, உங்கள் கையேட்டின் இரண்டாம் பக்கத்தை நான் படித்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஒன்றுதான் எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் திருப்பிக் கொடுப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. கொடுக்காமல் வைத்துக்கொண்டால் ஏதோ பிடித்து வைத்திருப்பதுபோல் ஆகும். நேரில் கொடுத்தால், எனக்குத் தெரியும் என்று சொல்வதாகும். அந்த ஆளிடம் எனக்கு வேறொரு வேலையும் இருக்கிறது.

பொன்விழா அறிவிப்பை எழுதித் தரும்படி அம்மா சொன்னாள். இங்கே வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளைகளின் பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் அவரவர் துணையின் பெயர். லவோன் (லைல்) என்று எழுதிவிட்டு, “டுவைனுக்கு?” என்று கேட்டேன். அம்மா மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, “அந்தப் பையன் கசகசா சாப்பிடுவானா? சிலருக்கு அது ஒத்துக்காது,” என்றாள். அப்பாவிடம் நீயே கேள் என்றேன். “நீ கேளு,” என்றாள். இருவரும் கேட்கவில்லை.

ஆகவே நானாகவே டுவைன் (கர்ட்டிஸ்) என்று எழுதப் போகிறேன்.

அன்புடன்
லவோன்


வாஷிங்டன்
18 ஏப்ரல் 1994

அக்கா,

நலம்.

யாரோ ஒருவரின் பாத்திரத்துக்குத் துணி போட்டு மூடினாய். கர்ட்டிஸின் பெயரைப் பத்திரிகையில் போட அவனைக் கேட்டாயா? இரண்டாம் பக்கம் அவனுக்கும் சேர்த்துத்தான்.

இங்கே அவன் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறான். அதில் பாதிப் பெற்றோருக்கு எங்களைப் பற்றித் தெரியாது. இதை யோசிக்காமல் நீ எழுதினாய் என்பது எனக்கு ஆச்சரியம்.

டுவைன்


வாஷிங்டன்
2 மே 1994

மதிப்பிற்குரிய லவோன் அக்காவுக்கு,

உங்களுக்கும் லைல் அவர்களுக்கும் என் வணக்கம். என் முழங்காலைப் பற்றி டுவைனின் கடிதங்களில் மட்டும் படித்துவரும் உங்களுக்கு முதல்முறையாக நானே எழுதுகிறேன்: பரவாயில்லை.

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எனக்கு எழுதிய கடிதத்தை நான் டுவைனிடம் காட்டவில்லை. அவன் உங்கள்மேல் கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொள்கிறான். உண்மையில் பயம். அந்த வரி அச்சில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். அதனால் வேண்டாம் என்று முந்திக்கொள்கிறான். யாரையும் எதிர்பார்க்காததுபோல் ஜன்னலில் நிற்கப் பழகியவன் அவன்.

பதினோரு வருஷமாக உங்கள் அம்மா போன் செய்யும்போது நான் எடுத்தால், “டுவைன் இருக்கானா?” என்று மட்டும் கேட்பார். போன ஞாயிறு, “அங்க மழையா?” என்றார். ஆமாம் என்றேன். “இங்கேயும் பெஞ்சா தேவலை,” என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயரைப் போடுங்கள். நெப்ராஸ்காவில் எனக்குப் பியானோ மாணவர்கள் இல்லை. கசகசா எனக்குப் பிடிக்கும் என்று அம்மாவிடம் தெரிவிக்கவும்.

அன்புடன்
கர்ட்டிஸ்


லெட்னா
27 மே 1994

அன்புள்ள தம்பி,

இங்கு எல்லோரும் நலம். மழையும் பெய்துவிட்டது. நீ சொன்னது சரி. கர்ட்டிஸைக் கேட்டேன், ஒப்புக்கொண்டார்.

முதலில் பாத்திரம். அதில் கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சே ரொட்டிகளை நிரப்பி, டேப்பை உரித்துவிட்டு, அந்த வீட்டின் பின்வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். சீட்டு எதுவும் வைக்கவில்லை. அந்த ஆளிடம் போய் நிற்கும்போது என் கையில் எதுவும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் விட்டு, வெறுங்கையோடு, அறிவிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இர்மா டோலிடம் போனேன். அவள் வழக்கம்போல் பென்சிலை வரிவரியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். உன் பெயரில் பென்சில் நின்றது.

“இது கைதவறி வந்ததா, வேணும்னே எழுதினதா?”

“வேணும்னேதான்.”

“உங்கப்பா பாத்தாரா?”

“வியாழக்கிழமை பாப்பார். நீங்க போட்டா.”

அவள் இன்னொன்றும் சொன்னாள். அது உனக்கு எழுதுவதற்கில்லை. தாளைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டாள். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அது வராது என்றே முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அம்மா வீட்டுக்குப் போனேன். அப்பா மேஜையில் பத்திரிகையை விரித்து, கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார், எப்போதும்போல. சோள விலை. யாரோ தொலைத்த நாய். பாலம் பழுதுபார்ப்பு. அம்மா அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நான் உட்காரவில்லை.

“ரூடால்ஃப், வ்லாஸ்டா கூசெரா தம்பதியின் ஐம்பதாம் திருமண நாள்,” என்று ஆரம்பித்தார். “பிள்ளைகள்: லவோன், லைல், லெட்னா. டுவைன், கர்ட்டிஸ், வாஷிங்டன்.” சோள விலையைப் படித்த அதே குரல். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. ஹால், நேரம், பரிசுகள் வேண்டாம் என்பது வரை படித்து முடித்தார். காப்பியைக் குடித்தார். பக்கத்தைத் திருப்பப் போனவர் திருப்பாமல் அம்மாவைப் பார்த்தார்.

“பேப்பர்லயே வந்துருச்சு. ஹால்ல சொன்ன கணக்குல ஒரு தட்டு கூட்டச் சொல்லு. கர்ட்டிஸுக்கு.”

அம்மா, “ஏப்ரல்லயே கூட்டிட்டேன்,” என்றாள்.

பத்திரிகையின் அந்தத் துண்டை உள்ளே வைத்திருக்கிறேன். இதற்குமேல் நம்புவதும் நம்பாததும் உன் பாடு.

லவோன்


வாஷிங்டன்
2 ஜூன் 1994

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். இருவர் வருகிறோம். வெள்ளிக்கிழமை மதியம் வந்துவிடுவோம். கர்ட்டிஸ் உருளைக்கிழங்கு சாலட் செய்து கொண்டுவருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். ஆயிரம் மைலுக்கு மேல், மடியில் வைத்துக்கொண்டு. நான் தடுக்கவில்லை.

வேறு எழுத வரவில்லை.

டுவைன்


லெட்னா
28 ஜூன் 1994

தேசிய அலுவலகம், கிளைகள் பிரிவு, வாஷிங்டன்.

ஐயா,

எங்கள் கிளையின் தொடர்பாளர் குறித்துத் தாங்கள் கேட்டிருந்த விவரம்: லவோன் பெனேஷ், உயர்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை, லெட்னா. வீட்டுத் தொலைபேசி எண் இணைப்பில். மாலை ஐந்துக்குப் பிறகு நானே எடுப்பேன். கிளையைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
லவோன் பெனேஷ்

கீழே கையால் எழுதியிருப்பது தம்பிக்கு:

நீங்கள் இருவரும் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி. பள்ளி முதல்வரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, கோடை விடுமுறை முடிந்து பேசலாம் என்றார். என்ன வரும் என்று தெரியாது. தெரியாமலேயே இருக்கப் பழகுகிறேன்.

நேற்றுக் கூட்டத்தில் மேல்கதவு திறந்தது. இந்த முறை காலடிகள் இறங்கி வந்தன. இர்மா டோல், கையில் அதே கண்ணாடிப் பாத்திரம், புது டேப், அதே பெயர். பத்திரிகைக்குச் செய்தி எடுக்க வந்ததாகச் சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. கழுவும்போது என் பக்கத்தில் துணியோடு வந்து நின்றாள். அவள் மகள் டென்வரில் ஒரு பெண்ணோடு ஒன்பது வருஷமாக இருக்கிறாளாம். ஒவ்வொரு வருஷமும் இவளே எழுதி இவளே அச்சுக்கோக்கும் குடும்பச் செய்திகளில் மகள் பெயருக்குப் பக்கத்தில் இடத்தை வெறுமையாக விடுவாளாம். அதைச் சொல்லிவிட்டு, “உன் தம்பிகிட்டயும் சொல்லு, பரவால்ல,” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். அன்று அவள் அலுவலகத்தில் சொன்னதையும் இப்போது எழுதலாம்: “கொலாச்சே நல்லா இருந்துச்சு. டேப்பை ஏன் உரிச்ச? எனக்கு என் பேர் தெரியும்.”

இந்த வாரப் பத்திரிகையில் நம் கூட்ட அறிவிப்பு வருகிறது. ஆர்லன் மகனிடம் பன்றி விலை சொன்னாராம். மகன் மேலும் கேள்விகள் கேட்டானாம்.

கடைசியாக, கர்ட்டிஸ் தன் சாலட் பாத்திரத்தை ஹாலில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அதைக் கழுவி, அடியில் டேப் ஒட்டி, கர்ட்டிஸ் என்று பெரிதாக எழுதித் தன் அலமாரியில் நம் பாத்திரங்களுக்கு நடுவே வைத்திருக்கிறாள். பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“தபால்ல போட்டா உடையும்,” என்றாள். “வந்து எடுத்துக்கட்டும்.”

உன் அக்கா
லவோன்